கால் சுற்று

லூலியோவின் வடக்கு ஓரம், ஜனவரி.
மதியம் இரண்டுக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
நானும் குன்வோரும் இரவுப் பணி.
என்ன தொழில் என்று கேட்பவர்களிடம் அவள் சொல்வாள்:
காற்றை வெட்டி அடுக்குகிறோம்.

பொய்யில்லை.
உள்ளங்கை அகல ஏரோஜெல் பாளத்தில்
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று.
மிச்சம் மணல்;
மணல்கூட இல்லை, மணலின் எலும்பு.
கறுப்பு மேசையில் வைத்தால் நீலம்,
விளக்குக்கு நேரே தூக்கினால் தேநீர்க் கறை.
நகத்தால் சுண்டினால் கிண்ணென்கிறது.
தராசு அதை நம்புவதற்குக்
கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது.

பிறக்கும்போது அது வெறும் கூழ்,
உடம்பெல்லாம் சாராயம்.
அப்படியே காயவைத்தால்
கிளம்புகிற ஒவ்வொரு துளியும்
தான் சாய்ந்திருந்த சுவரை
இழுத்துக்கொண்டே போகும்.
மறுநாள் தட்டில் கிடப்பது அரிசி நொய்.

ஆகவே இரும்புக் கலம்.
கரியமில வாயுவை நெருக்கித் திரவமாக்கி
சாராயத்தைக் கழுவி அனுப்புகிறோம்.
பிறகு சூடு. பிறகு இன்னும் நெருக்கடி.
கண்ணாடித் துளை வழியே பார்த்தால்
திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே இருந்த கோடு
ஒரு கணம் கலங்கும்,
அப்புறம் இருக்காது.
அந்த நிலைக்குப் புத்தகத்தில் நீளமாய் ஒரு பெயர் உண்டு.
நான் வைத்த பெயர்: போகிறதா இருக்கிறதா.
அதன்பின் வால்வு,
மயிரிழை மயிரிழையாக, ஐந்து மணி நேரம்.
போவது எலும்புக்குத் தெரியாமல்
போக வேண்டும்.

ஸ்டுரே போனதும் இப்படித்தான், என்றாள் குன்வோர்.
முதலில் பனிச்சறுக்குக் கட்டைகள்,
தம்பி வீட்டில் இடம் இருக்கிறதாம்.
அப்புறம் ரம்பம், உளி.
ஒரு சனிக்கிழமை காபிக் குடுவை.
பதினெட்டு மாதம்.
"கடைசிப் பெட்டியை அவன் தூக்கியபோது
கதவைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.
கூரை விழவில்லை. அதுதான் எரிச்சல்."

நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிகள்மேல் போகிற இடங்கள் ஒட்டியிருந்தன.
ஒன்று, மலைக்கடியில் துகள் எண்ணுகிற கூடத்துக்கு.
ஒன்று வானத்துக்கு:
தோட்டாவைவிட விரைந்து வரும் வால்வெள்ளித் தூசியை
நசுக்காமல் வாங்கி,
கேரட் வடிவத் தடம் ஒன்றின் நுனியில்
உட்கார வைக்குமாம்.
மலிவான ரகம் போர்வையாகி
கடலடியில் எண்ணெய்க் குழாயைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும்.
இத்தனைக்கும் ஒரே குணம்தான் மூலதனம்,
உள்ளே ஏராளம் இடம்,
எதுவும் விரைந்து கடக்க வழியில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், விடியற்காலை மூன்று நாற்பது.
அவள் போன் வெளிச்சமிட்டது.
சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். ஸ்டுரே.
படித்துவிட்டு வந்து வால்வைப் பிடித்தாள்.
கால் சுற்று கூடுதல். அவ்வளவே.
சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் கலத்தைத் திறந்தோம்.
பன்னிரண்டு பாளம், பன்னிரண்டிலும் விரிசல்.
யார், என்றார் பெர்டில்.
என் கை, என்றேன்.
அவர் என் கையையும் நம்பவில்லை, அவள் முகத்தையும் கேட்கவில்லை,
படிவத்தில் 'பிழை' என்று மட்டும் எழுதினார்.

நொறுங்கியதை நாங்கள் எறிவதில்லை.
இரட்டைக் கண்ணாடி நடுவே கொட்டினால்
ஜன்னலுக்கு ஆகும்.
குன்வோர் ஒரு மூட்டை கேட்டு வாங்கினாள்.
அந்தத் தூள் விரல் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்;
ஒரு வாரம் களிம்பு தடவிக்கொண்டு வந்தாள்.

மார்ச்சில் சட்டம் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள்.
முற்றத்தைப் பார்த்த அறை.
ஜன்னலில் இப்போது பால்போல வெளிச்சம் வருகிறது,
முற்றம் வருவதில்லை.
கீழே எந்தக் கார் நிற்கிறது,
எது நிற்கவில்லை, தெரியாது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
கண்ணாடியில் கை வைத்தேன், குளிரவில்லை.
அவளும் வைத்துப் பார்த்தாள்,
என்னை நம்பாதவள் மாதிரி, இரண்டு கையாலும்.

காபி போடட்டுமா என்றாள்.
குடுவை புதிது,
விலைச்சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.